றெஜினாக்காவின் மூன்று பேணிகள்

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் முற்றத்து வேம்பின் நிழலில், ஒரு பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். பேசினில் வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கிய தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அதில் இரண்டு தேசிக்காய் இலைகள் மிதந்தன. என் மகள் அனிற்றா தன் பிள்ளையை அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடித்திருந்தாள். அவன் தண்ணீரைக் காலால் உதைத்து, இலை விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டைச் சொல்லித் தந்தவர் றெஜினாக்கா. "இலையைக் கசக்கிப் போடு ஸ்ரெலா, மூக்கும் சேர்ந்து விளையாடட்டும். ஆனால் பிள்ளையில இருந்து கையை மட்டும் எடுத்துப்போடாத" என்பார்.

றெஜினாக்காவின் தங்கை மகள்தான் பேசினாள். "அன்ரி, பெரியம்மா போயிட்டா. விடியப் பூசைக்கு வெளிக்கிட்டவ. செருப்புப் போடக் கதிரையில இருந்தவ, அப்பிடியே சரிஞ்சிட்டா."

அனிற்றாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என் முகத்தைப் பார்த்து, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். எங்கள் வீட்டுச் சைகையில் றெஜினாக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. கையைப் பொத்திக் காதுக்குப் பக்கத்தில் இரண்டு தரம் ஆட்டினால் அது றெஜினாக்கா. நான் கையைப் பொத்தி ஆட்டினேன். பிறகு விரல்களை விரித்துக் கையைக் கீழே விட்டேன். அவள் விளங்கிக்கொண்டாள். அழவில்லை. பேசினில் இருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். நானும் அவனைத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வருவதாக றெஜினாக்கா சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளைக்காவது காது கேட்கிறதா என்று பார்ப்பதற்கு.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் கிலுக்கு மிஸி. பிள்ளைப்பேறு பார்க்கும் குடும்பநல மாதுவாக இந்தக் கரை முழுக்கச் சைக்கிளில் திரிந்தவர். சைக்கிள் காண்டிலில் குடை, பின்னால் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் பால்மா வருகிற தகரப் பேணிகள் மூன்று. ஒன்றுக்குள் சிப்பிகள், ஒன்றுக்குள் அரிசி, ஒன்றுக்குள் கடற்கரை மண். மூடியைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கும். சிப்பிப் பேணியை ஆட்டினால் தெருக்கழுதையும் திரும்பிப் பார்க்கும். அரிசிப் பேணி சும்மா கதைக்கிற அளவுக்குச் சத்தம் போடும். மண் பேணி இருக்கிறதே, அது யாரோ மெதுவாக மூச்சு விடுவதைப் போல ஒலிக்கும். உங்கள் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் அந்த மூன்றும் ஆடியிருக்கும். தாழ்வுபாட்டிலிருந்து பேசாலை வரைக்கும், அந்தப் பக்கம் நறுவிலிக்குளம், முள்ளிக்குளம் வரைக்கும், "மிஸி விளையாட வந்திருக்கிறா" என்று சொல்லிக் கதவைத் திறந்தவர்களும் இருக்கிறீர்கள், சாத்தியவர்களும் இருக்கிறீர்கள்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவரே எழும்பி வந்து சிரிப்பார். கடுகடுத்த மனுசி. காட்ஸ் விளையாட்டில் கண்ணுக்கு முன்னால் அளாப்புவார், பிடித்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். கோயிலில் அவர் பாடத் தொடங்கினால் முன் வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொரித்த மீன் வாசம் வந்த வீட்டில் மட்டும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் என்று இருந்துவிடுவார். ஆனால் பிள்ளைகளோடு இருக்கும்போது அவருக்கு ஒரு முகம் வரும். சிரித்துக்கொண்டேதான் இருப்பார், கண் மட்டும் சிரிக்காது. அது எதையோ காவல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்தது என் மகள்.

அனிற்றா பிறந்தது சண்டைக் காலத்தில். எந்நேரம் எங்கே ஷெல் விழும் என்று தெரியாத நாட்கள். கடலுக்கு அப்பால் பெருநிலப் பக்கம் விழுகிற சத்தம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களை நடுங்கவைக்கும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதன. பால் குடியாமல் மெலிந்தன. என் பிள்ளை மட்டும் அசையவில்லை. வெடிச்சத்தத்துக்கு நடுவில், சீலையில் கட்டிய ஏணைக்குள் வாய் திறந்து நித்திரை கொண்டாள். றெஜினாக்கா ஒருநாள் ஏணையை விலக்கிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "இது பயமில்லாத பிள்ளை, ஸ்ரெலா. அந்தோனியார் இவவுக்குப் பக்கத்தில நிக்கிறார்."

மிஸி சொன்னால் போதும் அல்லவா? அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவியது. அழுகிற பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து என் மகளுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அவள் உடுத்த பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பயமில்லாத பிள்ளையின் சட்டையைப் போட்டால் தங்கள் பிள்ளைக்கும் பயம் தெளியும் என்று நம்பினார்கள். நான் பெருமையோடு தோய்த்து மடித்துக் கொடுத்தேன். என் கணவர் சூசை கடலால் வந்து, "உவவைத் தோணியில ஏத்திக்கொண்டு போனால் எனக்கும் பயம் வராது" என்று சிரிப்பார். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை அப்படி அமைதியாகக் கிடந்தது, அதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

பிறகு ஒரு நிறை பார்க்கும் நாள் வந்தது. கோயில் மண்டபத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தோம். நான் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். றெஜினாக்கா அனிற்றாவைத் தராசுத் துணிக்குள் இருத்தித் தொங்கவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சோளகக் காற்றுக்குக் கூரைத் தகரம் ஒன்று கழன்று வெளியே சிமெந்தில் விழுந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. மண்டபம் முழுக்கக் குப்புற விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் வீரிட்டன.

தகரம்தான் என்று தெரிந்து, வெட்கத்தோடு ஒவ்வொருவராக எழும்பினோம். தராசுக்குக் கீழே விழுந்த றெஜினாக்கா மட்டும் எழும்பவில்லை. மல்லாந்து கிடந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே என் மகள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளைகளின் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, புதினம் பார்ப்பதைப் போலச் சிரித்தாள்.

"மிஸி, பாருங்கோவன், நாங்கள் எல்லாரும் விழுந்து கிடக்கிறம், இவ சிரிக்கிறா!" என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். றெஜினாக்கா எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு அடுத்த பிள்ளையின் பெயரைக் கேட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு பால்மாப் பேணியோடு வந்தார். வழியில் கடற்கரை மண்ணை அள்ளிப் போட்டிருந்தார். "என்னக்கா இது?" என்றேன். "ஒண்டுமில்லை. விளையாடுவம்" என்றார். அனிற்றாவை என் மடியில் இருத்தச் சொல்லி, அவளுக்குப் பின்னால் போய் நின்று பேணியை ஆட்டினார். அவள் என் சங்கிலியைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக ஆட்டினார். கையைத் தட்டினார். கடைசியில் காலால் நிலத்தில் ஓங்கி மிதித்தார். அனிற்றா சட்டென்று திரும்பினாள்.

"கேக்குது! பாத்தீங்களோ, கேக்குது!" என்று நான் கத்தினேன். அவர் வரும்போதே எனக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அப்படிக் கத்தியிருக்கமாட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "சிமெந்து நிலம், ஸ்ரெலா. நிலம் அதிர்ந்து சொல்லிக் குடுத்திட்டுது. வெளியில வா." முற்றத்து மண்ணில், பாயைக்கூட விரிக்காமல் எங்களை இருத்தினார். பின்னால் நின்று அதே மாதிரி மிதித்தார். கத்தினார். சூசையைக் கூப்பிட்டுக் குடத்தில் அடிக்கச் சொன்னார். வேலியில் நின்ற கழுதைகள் ஓடின. என் பிள்ளை சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

றெஜினாக்கா எனக்கு முன்னால் மண்ணில் வந்து குந்தினார். "இது பயமில்லாத பிள்ளை இல்லை, ஸ்ரெலா. இவவுக்குக் கேக்கேல்லை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஊருக்கும் சொல்லிப்போட்டன்."

ஊருக்குச் சொன்னதை ஊர் திருப்பித் தந்தது. செய்தி பரவ, அந்தக் கிழமைக்குள் எங்கள் வேலியில் சட்டைகள் தொங்கத் தொடங்கின. யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கண்ணால் காணவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் சின்னச் சின்னச் சட்டைகள், கையை விரித்தபடி காற்றில் ஆடும். பயம் போகட்டும் என்று வாங்கிப் போனவர்கள், இப்போது செவிடு தொற்றிவிடும் என்று பயந்து கொண்டுவந்து போட்டார்கள். நான் அவற்றைத் தொடவில்லை. பார்க்கவே பயமாக இருந்தது. றெஜினாக்காதான் ஒருநாள் வந்து, வாய்க்குள் ஏசிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

கொஞ்சநாளில் ஒரு துணியோடு வந்தார். சட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, இடையிடையே பழைய வலைத்துண்டு, பட்டுக்கரை, சாக்கு, கோயில் பீடத்து லேஸ் எல்லாம் வைத்துத் தைத்திருந்தார். பிள்ளையை அதில் குப்புறப் போட்டால் கை ஒரு இடத்தில் வழுக்கும், ஒரு இடத்தில் சொரசொரக்கும், ஒரு இடத்தில் விரல் ஓட்டைக்குள் போகும். அனிற்றா மணிக்கணக்காக அதில் கிடந்து தடவினாள். பிறகு அந்தத் துணிதான் கூடையில் ஏறி வீடு வீடாகப் போனது. ஆம், கிலுக்கு மிஸியின் தடவல் துணி, உங்கள் பிள்ளைகள் எல்லாரும் உருண்டு, சப்பி, எச்சில் படுத்திய அதே துணி. சட்டையை எங்கள் வேலியில் போட்டுவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் அதில் உருண்டார்கள். மிஸி அதை உங்களிடம் சொல்லவே இல்லை. அவர் போய்விட்டார், நான் சொல்கிறேன். கோபிக்காதீர்கள்.

என் வீட்டுக்கு ஒவ்வொரு கிழமையும் வந்தார். அனிற்றாவின் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துப் பாடச் சொன்னார். "குரல் காதுக்குள்ள போகாட்டி கைக்குள்ள போகட்டும்." ரேடியோப் பெட்டியைச் சத்தமாகப் போட்டு, அதன் முதுகில் அவளைச் சாய்த்தார். ஓலைக்கீற்றுக்குக் கீழே கிடத்தி, வெயில் கோடு கோடாக முகத்தில் விழ, கீற்றை மெதுவாக ஆட்டினார். பாதத்தில் ஊதினார். மீன்காரர் ஐஸ் பெட்டியில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் துணியில் சுற்றி, அவள் விரலில் தொட்டுத் தொட்டு எடுத்தார். எல்லாவற்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்து, வாயை அசைத்துப் பெயர் சொல்லி, கையால் ஒரு அடையாளமும் போட்டார். எங்கள் வீட்டுப் பாஷை அப்படித்தான் பிறந்தது. பின்னாளில் காது கேளாதவர்களின் பள்ளிக்கூடத்துக்கு அனிற்றா போனபோது, அங்கே சொல்லிக்கொடுத்த சைகைகளோடு இவற்றையும் கலந்து பேசினாள் என்று அங்கிருந்த ரீச்சர் சிரித்துச் சொன்னார்.

ஆனால் மற்ற வீடுகளில் அவருடைய விளையாட்டு ஒரு நடுக்கத்தையும் கொண்டுபோனது. சைக்கிள் மணி கேட்டால் சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் போய்விடுவார்கள். அந்தப் பேணிதான் காதைப் பறிக்கிறது என்றுகூட ஒரு கதை திரிந்தது. "சோதினை எண்டு சொன்னால் கதவைச் சாத்துவினம். விளையாட்டு எண்டு சொன்னால் பாதிக் கதவாவது திறப்பினம். பாதிக் கதவு எனக்குப் போதும்" என்பார்.

எருக்கலம்பிட்டியில் ஹாஜரா என்றொரு தாய், அந்தப் பாதிக் கதவையும் திறக்கவில்லை. அவர் இப்போது எனக்கு நல்ல சிநேகிதி, எழுதச் சொல்லிச் சம்மதம் தந்தவரும் அவர்தான். "மிஸி, எங்கட புள்ளைக்கு ஒண்டுமில்ல. அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு. நீங்க போங்க" என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார். அவருக்கு உதவியாக வீடு வீடாகப் போய்வந்த நானும் அன்று கூடப் போயிருந்தேன். றெஜினாக்கா போகவில்லை. வாசல் மண்ணில் உட்கார்ந்து துணியை விரித்தார். ஒரு வாளியில் தண்ணீரை ஒரு சிரட்டையால் அள்ளி ஊற்றி, அள்ளி ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார், தனியாக, வயதுபோன மனுசி. கடைசியில் கதவிடுக்கால் பிள்ளை தவழ்ந்து வந்தது. பின்னால் ஹாஜராவும் வந்தார்.

சிப்பிப் பேணிக்குப் பிள்ளை திரும்பியது. அரிசிப் பேணிக்கும் திரும்பியது. ஹாஜராவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மிஸி!" என்றார். றெஜினாக்கா மண் பேணியை எடுத்தார். ஆட்டினார். பிள்ளை தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கம் போய் ஆட்டினார். எனக்கு அந்த மெல்லிய சத்தம் கேட்டது. ஹாஜராவுக்கும் கேட்டது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. றெஜினாக்கா பேணியைக் கூடைக்குள் வைத்துவிட்டு, "ஒரு தேத்தண்ணி தாங்கோ பிள்ளை, இருந்து கதைப்பம்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அரைவாசிதான் கேட்டது. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபடியால் காதில் கருவி வைத்து, வாயாலேயே பேசப் பழகினாள். திரும்பி வரும் வழியில் றெஜினாக்கா சொன்னது இது: "பெரிய சத்தத்துக்கு ஆரும் திரும்புவினம். மண்ணுக்குத் திரும்பினால்தான் நான் நித்திரை கொள்ளுவன்."

அனிற்றா வளர்ந்தாள், தையல் படித்தாள். அதே பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பையனைக் கட்டினாள். அவனுக்கும் கேட்காது. அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்த மாதங்கள் முழுக்க எனக்குள் அந்தச் சட்டைகள் ஆடின. பிள்ளை பிறந்தான். நன்றாகப் பால் குடித்தான், நன்றாக நித்திரை கொண்டான். பக்கத்து வீட்டுப் பெண் ஏணைக்குள் எட்டிப் பார்த்து, "சத்தம் சலார் இல்லாத நல்ல பிள்ளை" என்று சொன்னபோது நான் ஏணைச் சீலையை இழுத்து மூடினேன். கோயில் திருநாளுக்கு வெடி கொளுத்தினார்கள். அவன் அசைந்தானா, அது என் கை நடுங்கியதா என்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குத் திகதி தந்திருந்தார்கள், அதற்கு இன்னும் நாள் இருந்தது. நான் றெஜினாக்காவிடம் ஓடினேன். "கழுத்து நிமிரட்டும். அதுக்கு முன்னம் நீ ஒண்டையும் தட்டிப் பாக்காத, உன்ர கை உனக்கே பொய் சொல்லும். நான் வந்து பாக்கிறன்" என்றார். கழுத்து நிமிர்ந்தது. ஞாயிறு வருவதாகச் சொன்னார்.

அனிற்றாவுக்கு என் பயம் பிடிக்கவில்லை. ஒருநாள் கையால் நேராகக் கேட்டாள்: "அவனுக்குக் கேட்காவிட்டால் என்ன? என்னைப் போல இருப்பான். நான் அவ்வளவு மோசமா, அம்மா?" ஏணைச் சீலையைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் கையை உயர்த்தினாள். "கேட்டால்தான் எனக்குப் பயம். சத்தம் வருகிற பக்கம் எல்லாம் திரும்புவான். உங்களோடு பேசுவான். என் பக்கம் எப்போது திரும்புவான்?" ஒரே ஏணைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, நான் ஒன்றுக்குப் பயந்தேன், அவள் மற்றொன்றுக்குப் பயந்தாள். இரண்டு பேரும் றெஜினாக்காவுக்காகக் காத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நாங்கள்தான் அவரிடம் போனோம். கைக்குழந்தையைச் செத்தவீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று நான் தடுத்தேன். அனிற்றா கேட்கவில்லை. பொத்திய கையைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டி, பிள்ளையைத் தொட்டுக் காட்டினாள். அவவிடம் காட்டவேண்டும் என்றாள். "பச்சைப்பிள்ளையையோ சேமக்காலைக்குக் கொண்டுவாறது, என்ன சனமப்பா" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மகளுக்குக் கேட்காதது அன்று நல்லதாகப் போயிற்று.

கோயிலில் துக்கமணி அடித்தது. பிள்ளை என் மடியில் திடுக்கிட்டான். அவனுக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சவப்பெட்டியைப் பார்த்தேன். வாங்கு, ஸ்ரெலா, வாங்கு சொல்லிக் குடுத்திருக்கும் என்று உள்ளே இருந்து அவர் சொல்வதைப் போல இருந்தது. மணி அடித்தபோது வாங்கின் பலகை அதிர்ந்தது உண்மைதான். ஒவ்வொரு அடிக்கும் அந்த அதிர்வு என் முதுகெலும்பில் ஏறியது. எதையும் நம்பாமல் இருக்கப் பழக்கியவர், அங்கே கண்மூடிப் படுத்திருந்தார்.

எங்கள் சேமக்காலை முழுக்க மணல், உங்களுக்குத் தெரியும். நடந்தால் கால் புதையும், காலடிச் சத்தமே எழாது. அன்றைக்குக் காற்றும் விழுந்துவிட்டது. ஹாஜரா மகளோடு வேலி ஓரமாக நின்றார். அனிற்றா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் முகம் குழிக்கு மறுபக்கம், கடலைப் பார்த்தபடி இருந்தது. சுவாமி செபத்தை முடித்தார். பெட்டி இறங்கியது. யாரும் பேசவில்லை. தங்கை மகள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல்களுக்குள்ளால் மெதுவாக விட்டாள்.

பலகையில் மண் விழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டிய பேணிக்குள் இருந்து அதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

பிள்ளை தலையைத் திருப்பினான். தாயின் கழுத்தை விட்டு, முழுதாக, குழியின் பக்கம் திரும்பி, எங்கே என்று தேடினான்.

தோளில் அவன் அசைந்தது அனிற்றாவுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். கேட்டதா என்று கண்ணால் கேட்டாள். நான் தலையாட்டினேன். என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை, கண்ணீர் ஓடியது. அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. தன்னை விட்டுத் திரும்பியிருக்கும் அந்தச் சின்னத் தலையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு குனிந்தாள். தானும் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அதைக் குழிக்குள் விடும்போது அவள் குழியைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் தங்கை மகள் பிரம்புக் கூடையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். சிப்பிப் பேணியை ஹாஜராவின் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அரிசிப் பேணி இப்போது கிளினிக்குக்கு வரும் புது மிஸியிடம் இருக்கிறது. தடவல் துணியில் பிள்ளை உருள்கிறான்.

மண் பேணியை நான் வைத்துக்கொண்டேன். மகளோடு கதைக்க எனக்கு ஒரு பாஷையைத் தந்த மனுசியிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். பகலில் அனிற்றா அதை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டு போவாள். என்னை முற்றத்து மண்ணில் இருக்கச் சொல்லி, பிள்ளையை என் மடியில் இருத்தி, ஓசைப்படாமல் அவனுக்குப் பின்னால் போய் நின்று, தனக்குக் கேட்காத அந்தப் பேணியை ஆட்டுவாள். ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி, அவளைப் பார்க்கிறான்.